விழாமலே முறிந்தது

16.01.2025 வியாழன்

இந்தக் கொப்பி என் மூத்த மகனின் மகள் பாதி எழுதிவிட்டுப் போட்டது. முன்பக்கம் எல்லாம் அவள் வகுப்புப் பாடம். நான் பின்பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். கிளினிக்கில் இருக்கிற நர்ஸ் ஹம்ஸியா மிஸ்தான் எழுதச் சொன்னார். வாரத்துக்கு ஒரு குளிசை, ஞாயிற்றுக்கிழமை. போட்டவுடன் திகதியை எழுதி வைக்க வேண்டும். "எழுத வருமாம்மா?" என்று வேறு கேட்டார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் இந்தத் தோட்டத்து லய வீடுகளில் பாதிப் பேருக்கு லீவுக் கடிதம் எழுதிக் கொடுத்தவள் நான். "வரும் மிஸ்" என்று மட்டும் சொன்னேன்.

நடந்ததை எழுதி வைக்கிறேன். யாரிடமும் சொல்ல முடியாது.

மார்கழியில் பிடித்த இருமல் விடவில்லை என்று பதுளைக்குப் போனேன். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயசுப் பையன், சிங்களத்தில் பேசினார். ஹம்ஸியா மிஸ் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார். நெஞ்சில் ஒன்றும் இல்லையாம். நான் சேலையைச் சரி செய்து எழும்பப் போனேன். டாக்டர் படத்தை மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எப்போது விழுந்தீர்கள் என்று கேட்டார்.

"நான் விழுந்ததே இல்லீங்க. முப்பத்தொன்பது வருசம் தேயிலைக் கொழுந்து எடுத்தேன். அட்டை, மழை, வழுக்குப்பாறை, எல்லாத்துலயும் ஏறி எறங்குன காலு இது. ஒரு நாள் விழுந்தேன்னு எவளாச்சும் சொல்லட்டும்."

டாக்டர் சிரிக்கவில்லை. படத்தில் விரலை வைத்தார். முதுகெலும்பு வரிசையாகப் பெட்டி அடுக்கியது போல இருந்தது. நடுவில் இரண்டு மட்டும் முன்பக்கம் நசுங்கி, மிதிபட்ட நெருப்புப்பெட்டி போல.

"அது ரெண்டும் ஒடஞ்சிருச்சும்மா," என்றார் ஹம்ஸியா மிஸ். "ஒங்களுக்குத் தெரியாமலே ஒடஞ்சிருக்கு. எலும்பு உள்ளுக்குத் தேஞ்சு போச்சு. இனிமேப்பட்டு ஒடையாமப் பாத்துக்கணும்."

எனக்குத் தெரியாமல் என் எலும்பு உடையுமா?

இடுப்பை வளைத்துக் குனிந்து எதையும் தூக்கக் கூடாது. தரையில் உட்காரக் கூடாது. பாரம் கூடாது. விழவே கூடாது. அடுத்தது இடுப்பு எலும்பாக இருந்தால் படுக்கைதான் என்றார்கள்.

பஸ்ஸில் வரும்போது ஒன்று தோன்றியது. ஒரு வருசமாகச் சேலைக் கரை தரையில் இழுபடுகிறது. துணி நீண்டு விட்டது, கடைக்காரன் ஏமாற்றி விட்டான் என்று லுணுகலைக் கடையில் சண்டை போட்டேன். துணியில் குறை இல்லை. நான் குட்டையாகிவிட்டேன்.

சுபாஜினிக்குச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். என் கடைசி மகள். கல்யாணமாகி ஐந்து வருசம் கழித்து இப்போதுதான் வயிற்றில் தங்கியிருக்கிறது. சித்திரையில் நாள். பிரசவத்துக்கு இங்கே வருகிறாள். பிள்ளையை நான்தான் குளிப்பாட்ட வேண்டும். தரையில் பலகை போட்டு உட்கார்ந்து, காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே பிள்ளையைக் கிடத்தி, குனிந்து.

முப்பத்தெட்டுப் பிள்ளைகள் என் காலில் குளித்திருக்கின்றன. மேட்டு லயத்திலிருந்தும் கூப்பிட்டு விடுவார்கள். முப்பத்தொன்பதாவது என் மகளின் பிள்ளை.

17.01.2025 வெள்ளி

எப்ப ஒடஞ்சிச்சு?

காலையிலிருந்து இதே யோசனை. விறகு தூக்கியபோதா? போன வருசம் மா மூட்டையை முன்வீட்டுப் படியிலிருந்து நானே தூக்கி வந்தேன். அதற்குப் பிறகு பத்து நாள் முதுகு பிடித்துக் கிடந்தது. வாய்வு என்று தைலம் தேய்த்துக்கொண்டு, பூண்டு சுட்டுத் தின்றேன். அன்றைக்குத்தானா? பத்து நாளும் உடைந்த எலும்போடு சோறாக்கினேனா?

19.01.2025 ஞாயிறு

குளிசை போட்டேன். விடியலில், வெறும் வயிற்றில், சூடான தேத்தண்ணியோடு. ஒன்றும் செய்யவில்லை.

24.01.2025 வெள்ளி

தனலெட்சுமியைப் பார்க்கப் போனேன். இதே லயத்தில் அடுத்த காம்பரா, ஒரே சுவர். நானும் அவளும் ஒரே நாளில் கொழுந்து வேலைக்குப் பெரட்டில் பேர் பதிந்தவர்கள். போன ஆடியில் பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது பாசியில் சறுக்கி உட்கார்ந்துவிட்டாள். சும்மா உட்கார்ந்தாள், அவ்வளவுதான். இடுப்பு எலும்பு. கம்பளியில் போட்டு நாலு பேர் றோட்டுக்குத் தூக்கிப் போனார்கள். ஆறு மாதமாகப் படுக்கை.

போன தடவை போனபோது ஒரு மணி நேரம் இருந்து சிரித்துவிட்டு வந்தேன். இன்று வாசலிலேயே கால் நின்றுவிட்டது.

"வாக்கா. என்னா அப்புடி பாக்குற? இன்னும் சாகல."

"வாயப் பாரு."

"வாய் மட்டுந்தான் இருக்கு. மிச்சத்த எல்லாம் மருமக தொடச்சு எடுக்குறா." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "எனக்கு ஒரு ஆசையும் இல்லக்கா. வெளிக்குப் போறதுக்கு இன்னொருத்தியக் கூப்புடாம, நானா எந்திரிச்சுப் போயிட்டு வரணும். ஒரே ஒரு நாளு."

தலையைத் தடவிவிட்டு வந்தேன். வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அவள் மருமகள் பார்த்துவிட்டாள். செருப்பில் கல் என்று சொன்னேன்.

02.02.2025 ஞாயிறு

குளிசை போட்டேன்.

தும்மல் வந்தது. தும்மினாலும் உடையுமா? டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டேன். மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தும்மினேன். அதற்குப் பிறகு மிளகாய் வறுப்பதை விட்டுவிட்டேன்.

06.02.2025 வியாழன்

வெளியே போகவில்லை. நான்கு நாள். காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன். லயத்திலிருந்து றோட்டுக்கு முப்பத்திநான்கு படி. இத்தனை வருசம் ஏறி இறங்கியும் எண்ணியதில்லை, இப்போது கட்டிலில் கிடந்துகொண்டு எண்ணுகிறேன். பதினொன்றாவது படி ஆடும். இருபதுக்கு மேலே பாசி.

13.02.2025 வியாழன்

கிளினிக். போகாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன், குளிசை முடிந்துவிட்டது. படியில் பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினேன். கீழே முச்சக்கரவண்டியோடு நின்ற பையன்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஹம்ஸியா மிஸ் கொப்பியைப் பார்த்து, எழுத்து அழகு என்றார். நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு வாசித்தார். முகம் மாறியது.

"தேத்தண்ணியோடவா போட்டீங்க?"

"ஆமா மிஸ். வெறும் வயித்துலதான்."

"தேத்தண்ணி குடிச்சா எப்புடிம்மா வெறும் வயிறு?"

"தேத்தண்ணி ஒரு சாப்பாடா? கண்ணு முழிச்சா வாய் கொப்பளிக்கிறதே அதுலதானே!"

பக்கத்தில் இருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்துவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டார். நான்கு குளிசையும் வீணாம். தேத்தண்ணியோடு போனால் எலும்பில் சேராதாம். வெறும் பச்சைத் தண்ணீர், ஒரு கோப்பை நிறைய. அதற்குப் பிறகு அரை மணி நேரம் படுக்காமல், குனியாமல், நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொண்டைக்குழாயைப் புண்ணாக்கும். அதன் பிறகுதான் தேத்தண்ணி. போன மாதமும் சொன்னாராம். எனக்குக் காதில் விழுந்ததெல்லாம் "ஒடஞ்சிருச்சு" என்ற ஒரு சொல்தான்.

நான்கு நாள் வீட்டுக்குள் கிடந்ததையும் சொன்னேன். அதற்குத்தான் அதிகம் ஏச்சு.

"நடக்காம கெடந்தா எலும்பு இன்னும் கரையும். காலும் சக்தி கெட்டுப் போகும். அப்புறந்தான் விழுவீங்க. பயந்து படுக்காதீங்கம்மா. பயந்துகிட்டே நடங்க."

கையால் எதையும் பிடிக்காமல் கதிரையிலிருந்து பத்துத் தடவை எழும்பி உட்காரச் சொன்னார். அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி வைக்கச் சொன்னார். நெத்தலி, கீரை, காலை வெயில். கடைசியாக, "வீட்டுல வழுக்குற எடம் இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல மிஸ்."

பொய். என் வீட்டுத் தரை சிவப்புப் பொலிஷ் போட்ட தரை. தேங்காய் மட்டையைக் காலால் மிதித்து மிதித்து நாற்பது வருசம் தேய்த்தது. குனிந்து பார்த்தால் மூக்குத்தி தெரியும். தோட்டத்து வீட்டில் இப்படி ஒரு தரையா என்று சம்பந்தி ஜீவராணி, பதுளை டவுன்காரி, வாயைப் பிளந்தாள். அதை எப்படி வழுக்குற எடம் என்று சொல்வது?

19.02.2025 புதன்

சுபாஜினி போன் எடுத்தாள். சம்பந்தி ஒரு மாதம் இங்கே வந்திருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாளாம்.

"நான் வேணாம்னுட்டேன்மா. எங்கம்மா கால்ல குளிச்ச பிள்ளைதான் ஒடம்பு நேரா வரும்னு சொல்லிட்டேன். அவங்களுக்கு மூஞ்சி சுருங்கிருச்சு."

சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. சொன்னால் என்ன ஆகும்? என்னை மூத்தவன் கொழும்புக்குக் கொண்டு போய் ஒரு மூலையில் உட்கார வைப்பான். தனலெட்சுமியைப் பார்க்கிற மாதிரி என்னையும் பார்ப்பார்கள். அது வேண்டாம்.

22.02.2025 சனி

முதுகு நிமிர முடியல. ஆனா எழுதிடணும்.

சும்மா பழகிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு மூன்று கிலோ கோதுமை மாவைப் பழைய சேலையில் சுற்றினேன். ஒரு பிள்ளைப் பாரம். பலகையைப் போட்டு உட்கார்ந்து, காலை நீட்டி, மாவைக் காலில் கிடத்தினேன். கை தானாகவே போனது. தலையைப் பிடித்தது, கழுத்தைப் பிடித்தது. இதற்கு ஒரு பயமா என்று கூட நினைத்தேன். பிறகு குனிந்து தூக்கினேன்.

முதுகில் பளீரென்று ஒரு வலி. மூச்சு நின்றுவிட்டது. மா உருண்டு போனது. மா என்பதால் உருண்டது — ஐயோ — பிள்ளையாக இருந்திருந்தால்?

எழும்ப முடியவில்லை. கத்தலாம், தனலெட்சுமியின் மருமகள் வருவாள், தோட்டம் முழுக்கத் தெரியும். கத்தவில்லை. தரையிலேயே கிடந்தேன். என் சிவப்புத் தரை, கன்னத்தில் சில்லென்று இருந்தது. கோயில் மணி அடித்தது, பிறகு மத்தியானக் கொழுந்து நிறுக்கிற சத்தமும் ஓய்ந்துவிட்டது. கட்டில் காலைப் பிடித்து, முழங்காலில் ஊர்ந்து, எப்படியோ ஏறினேன்.

மூனாவது ஒடஞ்சிருச்சா? யார்கிட்ட கேப்பேன்?

23.02.2025 ஞாயிறு

குளிசை. பச்சைத் தண்ணீர். அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டும். தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டு அழுதுகொண்டே உட்கார்ந்தேன்.

13.03.2025 வியாழன்

மறுபடி படம் எடுத்தார்கள். புதிதாக ஒன்றும் உடையவில்லையாம். சதைப்பிடிப்பு. மாவை வைத்துப் பழகியதை ஹம்ஸியா மிஸ்ஸிடம் சொன்னேன், அவர் ஒருவருக்குத்தான் சொல்லியிருக்கிறேன். அவர் ஏசவில்லை, அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது.

"இந்தத் தடவ தப்பிச்சீங்க. மகளுக்குச் சொல்லுங்கம்மா."

"சொல்றேன் மிஸ்."

கதிரையிலிருந்து இப்போது ஏழு தடவை எழும்புகிறேன்.

16.03.2025 ஞாயிறு

குளிசை போட்டேன்.

நேற்று சுபாஜினி வந்தாள். மாப்பிள்ளை சதீஸ்குமார் கொண்டு வந்து விட்டுப் போனார். அவள் வருகிறாள் என்று பக்கத்து வீட்டுச் சின்னப் பெட்டையைக் கூப்பிட்டுத் தரைக்குப் பொலிஷ் போட வைத்தேன். நானே போடவில்லை என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டேன். வயிற்றைத் தள்ளிக்கொண்டு வாசலில் நின்று, "அம்மா, தரையப் பாரு, கண்ணாடி!" என்றாள். அவ்வளவு சந்தோசம்.

அவள் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அவள் காலையே பார்க்கிறேன். இதற்கு முன் இப்படி இருந்ததில்லை.

08.04.2025 செவ்வாய்

பதுளை ஆஸ்பத்திரியில் காலை ஒன்பது இருபதுக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ தொள்ளாயிரம். இரண்டு பேரும் நலம்.

மாவை விட நூறு கிராம் குறைவு. இதையா நினைப்பது?

13.04.2025 ஞாயிறு

குளிசை போட்டேன்.

தண்ணீர் காய்ந்தது. பலகையைக் கொண்டு வந்து போட்டவள் சுபாஜினி. லயத்துப் பெண்கள் நாலு பேர் பார்க்க வந்துவிட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.

முழங்கால் வலி என்று சொன்னேன். இன்றைக்கு வேண்டாம், துணியை நனைத்துத் துடைத்துவிடு என்றேன். சுபாஜினி பிள்ளையை மடியில் வைத்துத் துடைத்தாள். அவளுக்குப் பழக்கமில்லை, தலையைப் பிடிக்கத் தெரியவில்லை. நான் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு நின்றேன்.

14.04.2025 திங்கள்

புத்தாண்டு. பால் பொங்கியது. பிள்ளையைத் தூக்கிக் கோயில் வரை கொண்டு போகலாமா என்று கேட்டாள். முப்பத்திநான்கு படி. வெயில் என்றேன்.

17.04.2025 வியாழன்

சுபாஜினி என்னோடு பேசவில்லை. அடுப்படியில் போனில் புருசனிடம் சொல்வது கேட்டது.

"அம்மா அண்ணன் பிள்ளைங்கள எறக்கி விட்டதே இல்ல. இவளத் தொடவே மாட்டேங்குது. பொம்பளப் பிள்ளைன்னா?"

நான் அப்படிப்பட்டவளா? நானா?

போய்ச் சொல்ல நினைத்தேன். கட்டில் மெத்தைக்கு அடியில் படம் இருக்கிறது. எடுத்துக் காட்டினால் ஒரு நிமிசம். எழும்பினேன். உட்கார்ந்தேன். ஹம்ஸியா மிஸ் கணக்குக்கு அது ஒரு தடவை.

18.04.2025 வெள்ளி

சொல்லிவிட்டேன்.

காலை பத்து மணி இருக்கும். சுபாஜினி வெளியே கக்கூசுக்குப் போயிருந்தாள். பிள்ளை சேலைத் தொட்டிலில் தூங்கியது. திடீரென்று அழத் தொடங்கியது. முதலில் சிணுங்கல். பிறகு வீரிட்டது. தொட்டிலை ஆட்டினேன். பாடினேன். நிற்கவில்லை, முகமெல்லாம் சிவந்து மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அழுகிறது. தொட்டில் தாழ்வாகக் கட்டியிருந்தது. குனிந்துதான் எடுக்க வேண்டும்.

இரண்டு கையையும் நீட்டினேன். முதுகு ஞாபகப்படுத்தியது. எடுத்து, பளீரென்று வந்து, கை விட்டுவிட்டால்? அந்தச் சிவப்புத் தரையில்?

கையை நீட்டியபடியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிள்ளை கத்துகிறது, நான் நிற்கிறேன்.

சுபாஜினி ஓடி வந்தாள். ஈரக் காலோடு. பொலிஷ் போட்ட தரை. வாசலைத் தாண்டியதும் கால் இரண்டும் இழுத்துக்கொண்டு போனது. கதவு நிலையைப் பிடித்துத் தொங்கிவிட்டாள். பிள்ளை பெற்றுப் பத்து நாளான உடம்பு. பிடி தவறியிருந்தால் — எழுத மாட்டேன்.

எழும்பி வந்து பிள்ளையை அள்ளினாள். அப்புறந்தான் என்னைப் பார்த்தாள்.

"பக்கத்துல நிக்கிற! கைய நீட்டிக்கிட்டு நிக்கிற! பிள்ள செத்தாலும் இப்புடித்தான் நிப்பியா?"

"இல்லடி…"

"அப்ப என்னா? என்னான்னு சொல்லு! என்னையப் புடிக்கலையா, இவளப் புடிக்கலையா?"

மெத்தையைத் தூக்கிப் படத்தை எடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன், டாக்டர் காட்டிய மாதிரியே. விரலை வைத்தேன்.

"இது ரெண்டும் ஒடஞ்சிருச்சு. நான் விழல சுபா. நான் விழவே இல்ல. அதுவா ஒடஞ்சிருச்சு. தூக்குனா போட்டுருவேன்டி. அதான். பயமா இருக்கு. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

இதற்கு முன் அவளிடம் பயம் என்று நான் சொன்னதில்லை. அவள் அப்பா செத்த அன்றும் சொல்லவில்லை.

அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என் பின்னால் வந்து நின்றாள். முதுகில் கை வைத்தாள்.

"எங்கம்மா? இங்கயா?"

"கொஞ்சம் கீழ."

கையை எடுக்கவே இல்லை.

பிறகு அவள் போனை வாங்கி நானே சம்பந்திக்கு எடுத்தேன். அவள் எடுத்துத் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். எனக்காக வேண்டாம் என்று சொல்லப்பட்டவளை நான்தான் கூப்பிட வேண்டும்.

"சம்பந்தி, நீங்க வந்தா நல்லாருக்கும். பிள்ளையக் குளிப்பாட்ட என்னால முடியல."

குத்திப் பேசப் போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"முதல் பஸ்ஸுலயே வாறேன் சம்பந்தி," என்றாள்.

20.04.2025 ஞாயிறு

குளிசை போட்டேன்.

ஜீவராணி நேற்று வந்துவிட்டாள். ஒரு பை, இரண்டு சோடி செருப்பு. ஒன்று வீட்டுக்குள் போடவாம். வீட்டுக்குள் செருப்பா என்று நான் முகம் சுளித்திருப்பேன், முன்பு. அடியில் ரப்பர் வரி வரியாக இருந்தது. தரையில் ஒட்டிக்கொண்டு நடந்தாள். "ஒங்களுக்கும் ஒன்னு வாங்கியாறவா?" என்றாள். வாங்கி வரட்டும்.

இன்று குளியல். அவள் பலகையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். நான் கதிரையில், நிமிர்ந்து. அவளுக்குப் பிடி சரியாக வரவில்லை.

"இப்புடிப் புடிச்சா பிள்ள மீன் மாதிரி வழுக்கிரும். கழுத்துக்குக் கீழ கையக் குடுங்க."

"குடுத்துட்டேன்."

"அது காது. கழுத்து இன்னும் கீழ."

"சம்பந்தி, ஒங்களுக்கு எலும்புலதான் கொற, வாய்ல ஒன்னும் கொறையல."

சுபாஜினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். அது என் வேலை என்று எழும்பினேன். வாளியை ஸ்டூல் மேல் வைத்தார்கள், குனியத் தேவையில்லை. சின்னச் செம்பு. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். நெற்றியில் படாமல், கண்ணில் படாமல். அதில் எனக்குக் கை பிசகவில்லை.

முப்பத்தொன்பதாவது. பாதி என் கணக்கு, பாதி அவள் கணக்கு.

26.04.2025 சனி

மாப்பிள்ளை வந்தார். கையில் இரும்புக் குழாயும் சீமெந்தும். கக்கூசுக்குப் போகிற வழியிலும் படி ஓரத்திலும் பிடி வைத்தார். பதினொன்றாவது படியைக் கிளப்பி அசையாமல் பதித்தார். "மாமி, ஆட்டிப் பாருங்க," என்றார். ஆட்டிப் பார்த்தேன். மலை அசைந்தால்தான் அது அசையும்.

அடுத்தது தரை. நானே சொன்னேன், யாரும் கேட்கவில்லை. சுடுதண்ணீரில் சவர்க்காரத் தூளைக் கரைத்து, கம்பி பிரசால் தேய்த்தார்கள். சிவப்புத் தண்ணீர் வாசல் வழியாக ஓடி, சாக்கடைக் கானில் இறங்கியது. நாற்பது வருசப் பொலிஷ். நான் வாசல் இஸ்தோப்பில் கதிரையைப் போட்டு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் அழுதேன். ஜீவராணி பார்த்தாள், ஆனால் பார்க்காத மாதிரி போனாள். அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

காய்ந்ததும் நடந்து பார்த்தேன். சொரசொரவென்று இருக்கிறது. மூக்குத்தி தெரியாது.

09.05.2025 வெள்ளி

தனலெட்சுமிக்கு நெத்தலிப் பொரியல் கொண்டு போனேன். ஹம்ஸியா மிஸ் எனக்குச் சொன்னதையெல்லாம் அவள் மருமகளுக்குச் சொல்லி, எங்கள் பக்கத்துக் கிளினிக் நாளையும் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண்ணுக்கும் நாற்பத்தைந்து ஆகிறது, அவளும் கொழுந்துக்காரிதான். தனலெட்சுமியைத் தாங்கிப் பிடித்துக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். காலைக் கீழே தொங்கப் போட்டு ஐந்து நிமிசம் இருந்தாள்.

"பயமா இருக்குக்கா."

"எனக்குந்தான் தனம்."

12.06.2025 வியாழன்

கிளினிக். கதிரையிலிருந்து பன்னிரண்டு தடவை எழும்பிக் காட்டினேன். ஹம்ஸியா மிஸ் பத்துதான் கேட்டார். குளிசை இன்னும் வருசக்கணக்காகப் போட வேண்டுமாம். உடைந்த இரண்டும் உடைந்ததுதான், திரும்ப உயராது. மற்றதைக் காப்பாற்றலாம். சேலைக் கரையை இரண்டு விரல் மடித்துத் தைத்துவிட்டேன் என்று சொன்னேன்.

வரும்போது இருபதாவது படியில் ஒரு சின்னச் சறுக்கல். குழாயைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் நெஞ்சு அடித்தது. பயம் போகவில்லை. போகும் என்று யாரும் சொல்லவும் இல்லை.

15.06.2025 ஞாயிறு

சுபாஜினியும் பிள்ளையும் நாளைக்குப் பதுளைக்குப் போகிறார்கள். நிலுக்ஷி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன்.

விடிய ஆறு மணிக்கு எழும்பினேன். சுபாஜினி தண்ணீர்க் கோப்பையைக் கொண்டு வந்து வைத்தாள். ஒரு குளிசை, கோப்பை நிறையப் பச்சைத் தண்ணீர். கைப்பிடி வைத்த கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதுகுக்குத் தலையணை. அரை மணி நேரம் நான் எங்கேயும் போகக் கூடாது, குனியக் கூடாது, எழும்பக் கூடாது.

சுபாஜினி பிள்ளையைத் தூக்கி வந்து என் மடியில் வைத்தாள். இரண்டு பக்கமும் தலையணை கொடுத்தாள்.

"ஆடாம இரும்மா. நான் போயி தேத்தண்ணிக்குக் கொதிக்க வைக்கிறேன்."

முதலில் இரண்டு கையும் விறைத்துப் போனது. பிள்ளை என்னைப் பார்த்தது. பிறகு என் விரலைப் பிடித்துக்கொண்டது. மெல்ல மெல்லக் கை இளகியது. கழுத்துக்குக் கீழே கை தானாகப் போய் நின்றது.

அடுப்படியில் தேத்தண்ணி வாசம் வந்தது. மணி ஆறரை தாண்டியது தெரிந்தது. சுபாஜினி எட்டிப் பார்த்து, "நேரமாச்சு, எடுத்துக்கவா?" என்றாள்.

இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றேன்.